விளக்கு மாடமும் மாக் ஆறும்

ஒலியைவிட ஆறு மடங்கு வேகத்தில் சீறும் காற்றில் ஒரு சுடரை அணையாமல் காப்பது எப்படி? ஸ்க்ராம்ஜெட் எஞ்சினைத் தரையில் கட்டிப்போட்டுச் சோதிக்கும் காற்றுச் சுரங்கங்களின் கதை.

ஆடி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் திண்ணையில் விளக்கேற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் காற்றின் குணம் தெரியும். கொண்டுவந்த ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இறக்கிவைத்துவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு ஓடி வருகிற காற்று அது. மழை தராது, கூரையில் காயப்போட்ட வேட்டியைத்தான் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் அகல் விளக்கை ஏற்றப் பார்த்தேன். நான்கு தீக்குச்சி வீண். ஐந்தாவது பற்றியது, மறைத்திருந்த கையை எடுத்ததும் சுடர் போய்விட்டது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அகலை எடுத்து, வாசற்கதவை ஒட்டிய சுவரில் இருந்த மாடக்குழிக்குள் வைத்து ஏற்றினார். சுடர் ஒரு முறை நெளிந்தது. பிறகு நிமிர்ந்து நின்றது. எதிரே வேப்பமரம் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது.

அன்றைய காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசியிருக்கலாம். ஹைதராபாத்திலும் திருவனந்தபுரத்திலும் சிலர் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்கள் எதிர்கொள்ளும் காற்று நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டர். மணிக் கணக்கில் சொன்னால் 5,400 கிலோமீட்டர். அந்தக் காற்றில் பற்றவைத்து, பற்றியதை அணையவிடாமல் வைத்திருக்க வேண்டும். அப்படிச் சுடர் நிற்கும் எஞ்சினுக்குப் பெயர் ஸ்க்ராம்ஜெட். அந்தச் சுடரை முதலில் வானத்தில் யாரும் ஏற்றிப் பார்ப்பதில்லை. தரையில், காற்றுச் சுரங்கத்துக்குள் ஏற்றிப் பார்க்கிறார்கள்.

கட்டுச்சோறு சுமக்கும் ராக்கெட்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி சிறிது தூரம்தான். அங்கே செய்யும் தீபாவளி ராக்கெட்டிலிருந்தே இந்தக் கதையைத் தொடங்கலாம். பாரம்பரியக் கருமருந்தில் மூன்று சரக்கு: கரி, கந்தகம், வெடியுப்பு. எரிவது கரியும் கந்தகமும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுப்பது வெடியுப்பு. எடையில் முக்கால் பங்கு அந்த வெடியுப்புதான். காற்றை நம்பாமல், தனக்கு வேண்டிய மூச்சைத் தானே சுமந்துகொண்டு போகிறது ராக்கெட்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் பெரிய ராக்கெட்டுக்கும் இதே தலைவிதிதான். இன்றைய ஏவுகலங்கள் சுமக்கும் எரிபொருள் கலவையில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆக்சிஜன் தரும் பொருள் என்று இஸ்ரோ சொல்கிறது. காற்றே இல்லாத வெளியில் அது தேவை. ஆனால் கிளம்பியதும் கடக்கிற முதல் சில பத்துக் கிலோமீட்டர் முழுக்கக் காற்று இருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். வழிநெடுகச் சாப்பாட்டுக் கடை இருக்கும்போது, தலைச்சுமையாகக் கட்டுச்சோறு கொண்டுபோகிற கதை இது.

வழியில் கிடைப்பதைச் சாப்பிட்டுக்கொண்டே போகும் எஞ்சின் புதிதல்ல. பயணிகள் விமானத்தின் ஜெட் எஞ்சின் அப்படித்தான் ஓடுகிறது; விசிறிகளை வைத்துக் காற்றை இழுத்து அழுத்துகிறது. ஒலி வேகத்தைப்போல இரண்டு, மூன்று மடங்கில் பறக்கும்போது விசிறியே வேண்டாம். முன்வாயில் மோதும் காற்று தானாகவே அழுந்திவிடும். இது ராம்ஜெட். நம்முடைய ஆகாஷ் ஏவுகணையும் பிரம்மோஸும் இந்த வகையில்தான் பறக்கின்றன. ராம்ஜெட்டுக்குள் நுழையும் காற்று ஒலி வேகத்துக்குக் கீழே அடங்கிய பிறகே எரிபொருளைச் சந்திக்கிறது.

ஐந்து மடங்கைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. அந்த வேகத்தில் வரும் காற்றை இழுத்துப் பிடித்து நிறுத்தினால், அதன் ஓட்டமெல்லாம் சூடாக மாறும். ஆறு மடங்கு வேகத்தில், அதாவது மாக் 6-இல், அந்தச் சூடு 1,400 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். எஃகு உருகத் தொடங்கும் இடம் அது. அழுத்தமும் வீணாகும். ஆகவே காற்றை அடக்கக் கூடாது. கொஞ்சம் தணித்து, ஒலியை மிஞ்சிய ஓட்டத்திலேயே உள்ளே விட்டு, ஓடுகிற காற்றிலேயே எரிபொருளைப் பீய்ச்சிக் கலந்து எரிக்க வேண்டும். இதுதான் ஸ்க்ராம்ஜெட்.

எரிகலன் ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் ஓடும் காற்று அதைக் கடக்க ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் எரிபொருள் தெறித்து, கலந்து, பற்றி, எரிந்து, தள்ளவும் வேண்டும். தமிழ் இலக்கணக்காரர்கள் மாத்திரை என்ற அளவைக் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்றார்கள். அந்த ஒரு மாத்திரைக்குள் ஸ்க்ராம்ஜெட்டில் நூறு முறைக்கு மேல் காற்று மாறிவிடும்.

மாடக்குழிக்குள் ஒளிந்த தீ

அத்தை செய்த உபாயத்தையே உலகெங்கும் எஞ்சின்காரர்களும் செய்கிறார்கள். எரிகலனின் சுவரில் ஒரு சிறு பள்ளம் வெட்டுகிறார்கள். மேலே காற்று பிய்த்துக்கொண்டு ஓடும். பள்ளத்துக்குள் மாட்டிய கொஞ்சம் காற்று மட்டும் வெளியேறத் தெரியாமல் அங்கேயே சுழலும். அந்தச் சுழலில் எரிபொருளைக் கொஞ்சம் விட்டுப் பற்றவைத்தால், சுடர் அதற்குள் குடியிருக்கும். வெளியே ஓடும் கலவைக்கு அதிலிருந்து ஓயாமல் தீ எடுத்துக் கொடுக்கும். அப்பட்டமான விளக்கு மாடம்!

பள்ளம் எவ்வளவு ஆழம், பின்சுவர் எவ்வளவு சாய்வு, எரிபொருளை எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் பீய்ச்சுவது? இதையெல்லாம் காகிதத்தில் தீர்த்துவிட முடியாது. கணினி பாதி வழிக்கு வரும். மீதிக்கு ஏற்றிப் பார்த்து, அணைந்தால் மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ராக்கெட்டில் அனுப்பினால் கட்டுபடியாகாது. அனுப்பினது கடலில் விழுந்துவிடும். ஏன் அணைந்தது என்று எடுத்துப் பார்க்கவும் முடியாது.

எஞ்சினை ஓடவிடாமல் காற்றை ஓடவிடுவது என்ற யோசனை அங்கே வருகிறது. பறக்கும் பொருளுக்கு, தான் ஓடுகிறோமா, எதிரே காற்று ஓடுகிறதா என்பது ஒன்றுதான். ரைட் சகோதரர்கள் 1901-இல் ஆறடி நீளமுள்ள ஒரு மரப்பெட்டியில் விசிறியைப் பொருத்தி, சின்னச் சின்ன இறக்கை மாதிரிகளை அதற்குள் நிறுத்திப் பார்த்தார்கள். முதல் விமானம் 1903-இல் பறந்தது. அதற்கு முன்பே அந்த இறக்கை பெட்டிக்குள் பலமுறை பறந்துவிட்டது.

இந்தியாவில் சதீஷ் தவான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1950-களில் அமைத்த ஒலிமிஞ்சு காற்றுச் சுரங்கத்தின் சோதனை அறை ஓர் அங்குலத்துக்கு மூன்று அங்குலம். தீப்பெட்டி அளவு. அந்தத் தீப்பெட்டியில் பழகிய கைகளின் அடுத்தடுத்த தலைமுறைகள்தான் இன்றைய பெரிய சுரங்கங்களைக் கட்டியிருக்கின்றன.

கணவாய் சொல்லும் பாதிப் பாடம்

ராஜபாளையத்திலிருந்து தெற்கே தென்காசிச் சாலையில் போகிறவர்கள் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். செங்கோட்டைக் கணவாயின் கொடை அது. அகன்ற வெளியில் சோம்பலாக வந்த காற்று, இரண்டு மலைக்கு நடுவே ஒடுங்கும்போது வேகம் பிடிக்கிறது. இடம் குறுகினால் வேகம் கூடும். வாய்க்கால் மடையில் தண்ணீர் பாய்ச்சியவருக்கும் இது தெரியும்.

காற்றுச் சுரங்கத்தின் முதல் பாதி கணவாயேதான். அழுத்திச் சேமித்த காற்றை ஒரு குறுகிய கழுத்து வழியாகப் புகுத்துகிறார்கள். கழுத்தில் அது சரியாக ஒலியின் வேகத்தை எட்டும். அதற்கு மேல் எவ்வளவு நெருக்கினாலும் வேகம் கூடாது. அங்கே இயற்கை தன் சட்டத்தைத் தலைகீழாக்குகிறது. ஒலியைத் தாண்டிய காற்று வேகம் பிடிக்க வேண்டுமானால் பாதை விரிய வேண்டும். வேகம் கூடக்கூடக் காற்று அதைவிட அதிகமாகத் தளர்ந்து பரவுவதால், பரவ இடம் கேட்கிறது. புனல் போலக் குறுகி, பிறகு தாழம்பூ மடல்போல விரியும் இந்தக் குழாய்க்கு நாசில் என்று பெயர்.

விரிவு எவ்வளவு? வாய் ஒரு மீட்டர் அகலமுள்ள நாசிலில் மாக் 6 வேண்டுமென்றால் கழுத்து சுமார் 14 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மாக் 12 வேண்டுமென்றால் கழுத்து மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. ஏறக்குறைய இரண்டு விரல் நுழையும் அளவு. அந்தச் சந்தின் வழியே வரும் காற்றுதான் ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்து, ஒலியைவிடப் பன்னிரண்டு மடங்கில் சீறுகிறது.

விரியும் காற்று குளிரும். சாதாரண வெப்பத்தில் இருக்கும் காற்றை அப்படியே மாக் 6-க்கு விரித்தால் அதன் வெப்பநிலை மைனஸ் 230 டிகிரிக்கும் கீழே போகும். காற்று நீர்மமாகி, சொட்டுச் சொட்டாகச் சிதறும். அதனால் புகுத்துவதற்கு முன்பே அதைப் பழுக்கக் காய்ச்ச வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் காற்றை இறுக்கி வைத்த உருளைகள், நடுவே சூடேற்றி, நாசில், சோதனை அறை. மறுபக்கம் காற்றையெல்லாம் உறிஞ்சி வெறுமையாக்கிய பெரிய கலம். ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் இழுக்கும். வால்வைத் திறந்தால் சில நொடி, சில நிமிடம் ஓட்டம். பிறகு மறுபடி உருளைகளை நிரப்ப மணிக்கணக்காகும்.

ஹைதராபாத்தில் டாக்டர் அப்துல் கலாம் ஏவுகணை வளாகத்தில் 2020 டிசம்பர் 19 அன்று திறந்துவைக்கப்பட்ட ஹைப்பர்சோனிக் காற்றுச் சுரங்கம் இந்த வகை. நாசிலின் வாய் ஒரு மீட்டர். மாக் 5 முதல் 12 வரை காட்டும். இந்த அளவுக்குப் பெரிய வசதி உள்ள மூன்றாவது நாடு இந்தியா என்று அப்போது அரசு அறிவித்தது. அதற்கு முன்பே, 2017-இல், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் ஒரு மீட்டர் ஹைப்பர்சோனிக் சுரங்கமும் ஒரு மீட்டர் அதிர்வலைச் சுரங்கமும் பயன்பாட்டுக்கு வந்தன. அந்த வளாகத்துக்கு சதீஷ் தவானின் பெயர். தீப்பெட்டியில் தொடங்கியவரின் பெயர் பொருத்தமான இடத்தில்தான் நிற்கிறது.

காற்று ஓடும்போது என்ன நடக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? காற்றுக்கு நிறமில்லையே. பங்குனி வெயிலில் தார்ச்சாலை மேல் கானல் நெளிவதைப் பார்க்கிறோம் அல்லவா, அதே வித்தைதான். அடர்த்தி மாறினால் ஒளி வளையும். அந்த வளைவை நிழலும் வெளிச்சமுமாகப் பிரித்துக் காட்டும் கண்ணாடி ஏற்பாட்டுக்கு ஷ்லீரன் என்று பெயர். எஞ்சின் முனையில் கத்தி விளிம்புபோல எழும் அதிர்வலை, எரிபொருள் தாரை வளைந்து கலைவது எல்லாம் அதில் கோட்டுச் சித்திரமாகத் தெரியும்.

மூன்று சுரங்கம், மூன்று குணம்

எல்லாச் சோதனைக்கும் ஒரே சுரங்கம் பயன்படாது. ஒன்றில் கிடைப்பது மற்றொன்றில் கிடைக்காது.

ஊதுசுரங்கம்: மேலே சொன்ன உருளை, சூடேற்றி வகை. எஞ்சினை முழுதாக, முன்வாயோடு சேர்த்துக் காற்றில் நிறுத்தலாம்.

அதிர்வலைச் சுரங்கம்: நீளக் குழாயின் நடுவே ஒரு மெல்லிய தகடு. ஒரு பக்கம் உயர் அழுத்த வாயு. தகடு கிழிந்ததும் அதிர்வலை பாய்ந்து, மறுபக்கத்துக் காற்றை நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் கொதிக்கவைத்து நாசிலுக்குள் தள்ளும். சோதனை நேரம் சில மில்லிநொடி. ஆனால் வானத்தில் உள்ள வேகமும் சூடும் ஒருசேர வரும். ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட சுரங்கத்தில் பழகித்தான் 2002 ஜூலை 30 அன்று ஹைஷாட் என்ற ஸ்க்ராம்ஜெட்டைப் பறக்கவிட்டது. இன்னும் அதிக வேகத்துக்கு விரிவுச் சுரங்கம். நொடிக்கு 3 முதல் 10 கிலோமீட்டர் வரை காட்டும் 24 மீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றை ஐஐடி கான்பூர் 2024-இல் அறிமுகப்படுத்தியது. அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் என்ன தெரியுமா? ஜிகர்தண்டா! மதுரைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

குழாய் இணைப்புச் சோதனை: எஞ்சினின் முன்வாயை விட்டுவிட்டு, எரிகலனை மட்டும் எடுத்து, முன்வாய் கொடுத்திருக்கக்கூடிய அதே காற்றை நேராகக் குழாய் மூலம் செலுத்துவது. நீண்ட நேரம் எரித்துப் பார்க்க இதுதான் வழி. பின்னால் சொல்லப்போகிற நிமிடக் கணக்குச் சாதனைகள் இங்கேதான் நடந்தன.

நொடிக் கணக்கு

இந்திய ஸ்க்ராம்ஜெட்டின் வரலாற்றை நொடிகளில் எழுதலாம்.

2006 தொடக்கத்தில், மாக் 6 நிலையில் சுமார் 7 நொடி சுடரை நிலைநிறுத்தியதாக இஸ்ரோ அறிவித்தது. அது தரையில். 2010 மார்ச்சில் ஒரு ராக்கெட்டின் முதுகில் எரியாத ஸ்க்ராம்ஜெட் மாதிரிகளைக் கட்டிப் பறக்கவிட்டு, ராக்கெட் அந்தச் சுமையைத் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு 2016 ஆகஸ்ட் 28. காலை 6 மணி, ஸ்ரீஹரிகோட்டா. 3,277 கிலோ எடையுள்ள ராக்கெட்டின் இரு புறமும் இரண்டு ஸ்க்ராம்ஜெட் எஞ்சின்கள். எரிபொருள் ஹைட்ரஜன். மாக் 6 வேகத்தில் 5 நொடி எரிந்தன. 300 நொடிப் பயணத்துக்குப் பிறகு 320 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் விழுந்தது ராக்கெட். ஸ்க்ராம்ஜெட்டைப் பறந்து காட்டிய நான்காவது நாடு என்ற பெயர் கிடைத்தது. திருவனந்தபுரம் மையத்துக்கு அப்போது இயக்குநர் குமரி மாவட்டத்துக்காரரான கே. சிவன்.

ஐந்து நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அந்த ஐந்து நொடியில் கடந்த தூரம் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். ராஜபாளையத்தில் பற்றவைத்திருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கியிருக்கும்.

அடுத்த கட்டம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவுடையது. 2020 செப்டம்பர் 7 அன்று ஒடிசா கடலோரம், அப்துல் கலாம் தீவு. காலை 11:03-க்கு அக்னி ஏவுகணையின் ராக்கெட் ஒன்று, ஸ்க்ராம்ஜெட் பொருத்திய கலத்தை 30 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டது. முன்வாய் திறந்தது, சுடர் பற்றியது, 20 நொடிக்கு மேல் நின்றது. 2024 ஜூலை 22 அன்று இஸ்ரோ தன் இரண்டாவது பறப்புச் சோதனையை நடத்தி, ஏறத்தாழ 110 அளவீடுகளைக் கண்காணித்தது.

அதன் பிறகு கணக்கு எகிறியது, தரையிலேயே. ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகம் 2025 ஜனவரியில் எரிகலனைக் குழாயோடு இணைத்து 120 நொடி எரித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 25 அன்று, சற்றே சிறிய அளவில் செய்த எரிகலன் 1,000 நொடிக்கு மேல் எரிந்தது. 2026 ஜனவரி 9 அன்று முழு அளவு எரிகலனே 12 நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று புலப்படும். வானத்தில் ஐந்து, இருபது என்று நின்ற எண், தரையில் ஆயிரத்தைத் தொட்டிருக்கிறது. பறப்பது திருவிழா, பயிற்சியெல்லாம் இந்த அசையாத அறையில்தான். அந்த 1,000 நொடியை மாக் 6 கணக்கில் தூரமாக்கினால் 1,800 கிலோமீட்டர். எரிகலனோ ஓர் அங்குலமும் நகரவில்லை.

அடிப்பிடிக்காத பால்

ஐந்து நொடியிலிருந்து ஆயிரம் நொடிக்குப் போவது இருநூறு மடங்கு பொறுமை காட்டுகிற விஷயமாக மட்டும் இருந்தால் சுலபம். ஐந்து நொடிக்கு உலோகம் தாங்கும். சூடு உள்ளே இறங்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். நிமிடக் கணக்கானால், 2,000 டிகிரியைத் தாண்டும் தீக்கு நடுவே சுவர் உருகாமல் நிற்க வேண்டும்.

இந்த இடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்பங்கரைக்குள் ஒரு நடை போய்வரலாம். விறகடுப்பில் அகன்ற இரும்புச் சட்டி. உள்ளே பால். அடியில் தீ எவ்வளவு கொழுந்துவிட்டாலும், பால் தண்ணீராக இருக்கும்வரை சட்டி பழுப்பதில்லை. சட்டிக்கு வரும் சூட்டைப் பால் வாங்கிக்கொண்டே இருக்கிறது. துடுப்பு ஒரு நிமிடம் நின்றால் போதும், அந்த இடத்தில் பால் தேங்கி அடிப்பிடிக்கும். கிண்டுகிறவர் சட்டியின் விளிம்பிலிருந்து நடுவுக்கு இழுத்து, திருப்பி, மறுபடி விளிம்புக்குப் போகிறார். எந்த இடத்திலும் பால் தங்கவிடுவதில்லை. பால் சுண்டச் சுண்டக் கை வேகம் கூடுகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இனிப்பின் ரகசியத்தில் பாதி, சூட்டை ஓரிடத்தில் நிற்கவிடாத அந்தக் கைதான்.

ஸ்க்ராம்ஜெட்டில் பாலின் வேலையை எரிபொருள் செய்கிறது. எரிகலனின் சுவருக்குள் நுண்ணிய வாய்க்கால்கள். எரிபொருள் நேராகத் தீக்குப் போவதில்லை. முதலில் இந்த வாய்க்கால்களில் ஓடிச் சுவரின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. சூட்டை வாங்கும்போது அதன் மூலக்கூறுகளே உடைகின்றன. உடைவதற்கும் சூடு செலவாவதால் குளிர்ச்சி இரட்டிப்பாகிறது. உடைந்த எரிபொருள் சுலபமாகப் பற்றவும் செய்யும். இந்த வகை எரிபொருளை ஹைதராபாத் ஆய்வகமும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து உள்நாட்டிலேயே உருவாக்கியிருக்கின்றன. சுவரின் உட்பக்கம், எஃகு உருகும் சூட்டுக்கு மேலும் தாங்கும் பீங்கான் வகைப் பூச்சு.

இதிலும் அடிப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எரிபொருள் வாய்க்காலில் எங்காவது தயங்கி நின்றால் கரியாகப் படியும். கரி அடைத்தால் அந்த இடத்தில் குளிர்ச்சி நிற்கும். குளிர்ச்சி நின்றால் சுவரில் ஓட்டை. நிமிடக் கணக்கில் ஓடும் தரைச் சோதனை இல்லாமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

புரையேறும் எஞ்சின்

ராஜபாளையம் நூற்பாலைகளில் புளோ ரூம் என்று ஒரு பகுதி உண்டு. பேல் பிரித்த பஞ்சைக் காற்றே குழாய் வழியாக எந்திரத்திலிருந்து எந்திரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். குழாயில் எங்காவது பஞ்சு அடைத்தால் பின்னால் அழுத்தம் ஏறி, வரிசை முழுக்கத் திணறும். பழகிய ஃபிட்டர் மானியைப் பார்ப்பதற்கு முன்பே சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

ஸ்க்ராம்ஜெட்டுக்கும் இப்படிப் புரையேறும். எரிகலனில் தீ சற்று அளவு மீறினால் அழுத்தம் முன்னோக்கி ஏறி, முன்வாயில் அடங்கி இருந்த அதிர்வலையை வெளியே துப்பிவிடும். காற்று உள்ளே வராமல் சுற்றி வழிந்து போகும். நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் எஞ்சின் செத்துவிடும். அமெரிக்காவின் எக்ஸ்-51ஏ கலத்துக்கு 2011 ஜூனில் இதுதான் நேர்ந்தது. பற்றவைக்க மட்டும் பயன்படுத்திய எரிபொருளிலிருந்து முதன்மை எரிபொருளுக்கு மாறும் கட்டத்தில் புரையேறியது. அதே வகைக் கலம் 2013 மே 1 அன்று மாக் 5-ஐத் தாண்டி, சுமார் 210 நொடி எரிந்து காட்டியது. நாசாவின் எக்ஸ்-43ஏ 2004 நவம்பரில் மாக் 9.6-ஐத் தொட்டது. ஆனால் அதன் முதல் கலம் 2001-இல் தூக்கிப் போன ராக்கெட்டின் கோளாறாலேயே கடலுக்குப் போனது. எஞ்சினுக்குத் தன் திறமையைக் காட்ட வாய்ப்பே கிடைக்கவில்லை.

சுரங்கமும் முழு உண்மையைச் சொல்வதில்லை. காற்றைச் சூடேற்ற உள்ளே எதையாவது எரித்தால் நீராவியும் கலக்கும். செலவான ஆக்சிஜனைத் திரும்பச் சேர்க்க வேண்டும். வானத்தின் சுத்தமான காற்று அது இல்லை. அதிர்வலைச் சுரங்கத்தில் காற்று சரி, நேரம் போதாது. பெரிய எஞ்சினுக்கு ஒரு மீட்டர் வாயும் சிறிது. ஒவ்வொரு சுரங்கமும் ஒரு சாட்சி. ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது; நாலு பேரையும் விசாரித்து, வாக்குமூலங்கள் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்த்துத்தான் வானத்துக்கு அனுப்ப வேண்டும்.

யாருக்கு இந்தச் சுடர்?

ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டியது ஒன்று. இப்போதைய முன்னேற்றத்தில் பெரும்பகுதி ஏவுகணைக்காக நடப்பது. ஹைதராபாத்தில் எரியும் சுடருக்குப் பின்னால் இருப்பது, தடுக்க நேரம் கொடுக்காத ஆயுதம் என்ற கணக்கு. அமெரிக்கா, ரஷ்யா, சீனா எல்லாருக்கும் அதே கணக்கு. இஸ்ரோவின் நோக்கம் வேறு: கட்டுச்சோற்றின் எடையைக் குறைத்து, செயற்கைக்கோளைக் குறைந்த செலவில் ஏற்றுவது. சுடருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எந்தப் பக்கம் எவ்வளவு பணம் போகிறது என்பதைக் குடிமக்கள்தான் கவனிக்க வேண்டும்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் என்ன? மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போகும் சாலை செங்கோட்டையைத் தாண்டிக் கொல்லத்தில் முடிகிறது. அங்கிருந்து தெற்கே திரும்பினால், 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா. மலையேறாமல் தெற்கே நெல்லை வழியாகப் போனால், இஸ்ரோ எஞ்சின்களை எரித்துச் சோதிக்கும் மகேந்திரகிரி. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் முதல் ராஜபாளையம் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி வரை இந்தச் சாலையோரம் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

கல்லூரிக்கு ஹைப்பர்சோனிக் சுரங்கம் வாங்குவது நடக்கிற காரியமில்லை. ஆனால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் கே.பி.ஜே. ரெட்டி ஒரு வழி காட்டினார். கையால் உலக்கையைத் தள்ளுவதுபோல ஒரு பிஸ்டனைத் தள்ளினால், குழாய்க்குள் காற்று இறுகி, நடுவே உள்ள மெல்லிய தடுப்பு கிழிந்து, மாக் 2 வரை அதிர்வலை பிறக்கும் சின்னஞ்சிறு கருவி. 2013-இல் அறிவியல் இதழில் வெளியான அதற்கு ரெட்டி குழாய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மேசை மேல் வைக்கலாம். சைக்கிள் பம்ப் அடித்த கை போதும். ஒலியை மிஞ்சும் ஓர் அலையைத் தன் கையால் உண்டாக்கிய மாணவருக்கு, மீதிப் பாடம் புத்தகத்திலிருந்து தானாக எழுந்து வரும்.

தேரோட்டம் முடிந்த மறுநாள் ராஜபாளையத்தில் ஒரு வேலை. அதை முடித்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்ப டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். முதல் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் 2016-இன் ஐந்து நொடி முடிந்துவிட்டது. கண்டக்டர் டிக்கெட் கிழித்து மீதிச் சில்லறை எண்ணிக் கொடுப்பதற்குள் 2020-இன் இருபது நொடியும் போனது. மில் பணியாளர்கள் ஏறினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள், ஜன்னல் வழியே புகுந்த ஆடிக் காற்று எல்லார் முடியையும் கலைத்தது. 12 நிமிடம் ஆனது. பஸ் பாதி வழியைத் தாண்டியிருந்தது. தூரத்தில் பதினொரு நிலைக் கோபுரம், 192 அடி, தெரியத் தொடங்கியபோது ஆயிரமாவது நொடி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சுடர், காற்று அதன் மேல் மணிக்கு 5,400 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்க, இவ்வளவு நேரமும் அணையாமல் நின்றிருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், வாசலில் அத்தை மாடக்குழிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை தீக்குச்சியை நான் வாங்கிக்கொண்டேன். ஒன்றே போதுமானதாக இருந்தது.